டிபி மருந்து ஆரம்பித்த பிறகு வீட்டில் எப்படி இருப்பது? சாப்பாடு, தொற்று, குணமான பின் கவனம்

தென்றல்:
என் கணவருக்கு நுரையீரல் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. மாத்திரை தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகின்றன. ஆறு மாதம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தட்டு, தம்ளர், துணி எல்லாவற்றையும் தனியாக வை என்கிறார் ஒருவர். ஆறு மாதமும் குழந்தையை அவர் பக்கத்தில் விடாதே என்கிறார் இன்னொருவர். பால் கொடுத்தால் சளி கூடும், கறி கொடுத்தால்தான் நோய் போகும் என்றெல்லாம் வேறு. அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. எது உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:
தென்றல், நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள். முதலில் தட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். டிபி தட்டால் பரவாது. தம்ளர், துணி, படுக்கை, கழிவறை, கைகுலுக்கல் எதனாலும் பரவாது. பரவும் வழி காற்று. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், பேசும்போதும் பாடும்போதும் கூட மிக நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. ஈரம் காய்ந்த பிறகு அவை சில மைக்ரான் அளவில், காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதை மூச்சில் இழுத்து, கிருமி நுரையீரலின் அடிவரை போனால்தான் தொற்று. தட்டில் ஒட்டிய கிருமி மறுபடி அப்படிக் காற்றில் எழும்பி வராது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வெல்ஸ், ரைலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கூண்டில் இருந்த கினிப்பன்றிகளுக்கு அனுப்பினார்கள். அந்த விலங்குகள் நோயாளிகளைத் தொடவில்லை, அவர்களுடைய பாத்திரம் எதுவும் அங்கே போகவில்லை. காற்றை மட்டும் சுவாசித்தவற்றுக்கு டிபி வந்தது. அதே காற்றை முதலில் புற ஊதா ஒளி வழியாகச் செலுத்தி அனுப்பியபோது வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: தொற்றில் பெரும்பங்கு சில நோயாளிகளிடமிருந்து மட்டுமே வந்தது, மருந்து வேலை செய்துகொண்டிருந்த நோயாளிகளிடமிருந்து மிகக் குறைவாகவே வந்தது.

அதனால் உங்கள் வீட்டில் இப்போது செய்ய வேண்டியது அந்த அறை ஜன்னலைத் திறப்பது. எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. முதல் சில வாரங்கள் அவர் தனியாகத் தூங்கட்டும், மற்றவர்களோடு ஒரே அறையில் இருக்கும்போது முகக்கவசம் போடட்டும், இருமும்போது வாயை மூடட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பி அப்புறப்படுத்துங்கள். பகலில் வெளியே, வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் அவரோடு பேசலாம். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது அவருக்கும் நல்லதில்லை, உள்ளே போய்வரும் உங்களுக்கும் நல்லதில்லை.

ஆலமரம்:
செவிலியர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் தட்டைத் தனியாக வைப்பதால் என்ன நஷ்டம்? ஜாக்கிரதையாக இருப்பதில் தவறு இல்லையே. எங்கள் காலத்தில் டிபி என்றால் சானடோரியத்துக்கே, அதாவது நோயாளிகளைத் தனியாகத் தங்கவைக்கும் மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவார்கள். காரணம் இல்லாமலா அனுப்பினார்கள்?

நெய்தல்:
நஷ்டம் உண்டு ஐயா. தட்டைப் பிரித்து வைத்தவர்கள் ‘ஜாக்கிரதையாக இருக்கிறோம்’ என்று நிம்மதியாகி, ஜன்னலை மூடியே வைத்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னால் “நாங்கள்தான் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோமே” என்பார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் நோயாளிக்கு. தன் வீட்டிலேயே தள்ளிவைக்கப்பட்டவர் நோயை வெளியே சொல்ல மாட்டார், மருந்து வாங்கப் போகும் இடத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குவார், ஒரு நாள் மருந்தையே விட்டுவிடுவார். பாதியில் விட்ட மருந்துதான் வீட்டுக்கும் ஊருக்கும் உண்மையான ஆபத்து.

சானடோரியம் பற்றி நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்து மருந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, சாதாரணச் சாப்பாட்டோடு அதே மருந்தை எடுத்தார்கள். ஒரு வருட முடிவில் குணமானவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே, யாருக்கும் தெரியாத அந்த இருமல் மாதங்களிலேயே தொற்றியிருக்கும். உலகம் முழுக்க டிபி நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று மாறியதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

தென்றல்:
அப்படியென்றால் குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்குமா? படித்ததும் கை நடுங்குகிறது. எத்தனை நாள் கழித்து அவர் குழந்தையைத் தூக்கலாம்?

நெய்தல்:
பதறாதீர்கள் தோழி. கிருமி உள்ளே போவது வேறு, நோயாக மாறுவது வேறு. உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேரின் உடம்பில் இந்தக் கிருமி எப்போதாவது நுழைந்திருக்கிறது. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாகிறது. மற்றவர்கள் உடம்பில் அது அடங்கிக் கிடக்கும், அப்படி இருப்பவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது.

ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அசட்டையாக இருக்கக்கூடாது. அவர்களுக்கு நோயாக மாறும் வாய்ப்பு பெரியவர்களைவிட மிக அதிகம், மூளைக்காய்ச்சலாகவும் மாறலாம். பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தால் அந்தக் கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருக்கும், முழுப் பாதுகாப்பு கிடையாது. இந்த வாரமே குழந்தையைக் கூட்டிப்போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் தினமும் கொடுக்கும் முறை உண்டு, வாரம் ஒரு வேளை என்று 12 வாரம் கொடுக்கும் முறையும் உண்டு. வயதையும் எடையையும் பார்த்து முடிவு செய்வார்கள். நீங்களும் மாமியாரும் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை அங்கே கட்டாயம் சொல்லுங்கள், தடுப்பு மருந்தில் உள்ள ரிஃபாபென்டின், ரிஃபாம்பிசின் போன்றவை அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

தூக்குவது பற்றி: மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண டிபி என்றால், தினமும் தவறாமல் மருந்து எடுத்தால் தொற்றும் தன்மை வேகமாக விழுந்துவிடும். பொதுவாக இரண்டு வாரம் என்று கணக்கு சொல்வார்கள். சில நாடுகளில் இப்போது அதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள். இருமல் குறைந்திருக்கிறதா, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதானா என்பதைப் பார்த்து உங்கள் டாக்டர் நாள் சொல்வார். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் கணக்கு மாறும். அதனால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கார்முகில்:
இடையில் ஒரு சந்தேகம். எனக்குக் கழுத்தில் நெறிகட்டி, அது டிபி என்று சொல்லி மருந்து எடுக்கிறேன். இருமல் இல்லை. நானும் முகக்கவசம் போட வேண்டுமா? அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

நெய்தல்:
நுரையீரலில் இல்லை என்று எக்ஸ்ரே, சளிப் பரிசோதனையில் தெளிவாகிவிட்டதா? அப்படியானால் உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. நெறிகட்டி, முதுகெலும்பு, குடல் எல்லாம் அப்படித்தான். குரல்வளையில் வரும் டிபி மட்டும் விதிவிலக்கு, அது நன்றாகவே பரவும். அலுவலகத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: சரியான மருந்து எடுக்கும்போதே சிலருக்குக் கட்டி கொஞ்ச நாள் பெரிதாகி அப்புறம் வற்றும். மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள்.

பூவரசு:
சாப்பாடு பற்றி நான் எழுதுகிறேன். நான் டிபியிலிருந்து மீண்டவன். தென்றல், உங்கள் கணவருக்கு முதல் சில வாரம் பசியே இருக்காது. காலையில் மாத்திரை உள்ளே போனதும் குமட்டும். இந்த நிலையில் உள்ளவர் முன்னால் ஒரு பெரிய தட்டு நிறையக் கறியும் முட்டையும் வைத்தால் பார்த்தாலே வயிறு புரளும். எனக்குக் கைகொடுத்தது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட்டதுதான். எனக்குப் பிடித்த சாப்பாட்டிலேயே கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பருப்பு, அரைத்த வேர்க்கடலை என்று சேர்த்துக் கொடுத்தார்கள். அளவு கூடவில்லை, சத்து கூடியது.

புரதம் முக்கியம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், ஒன்றரை கிராம் வரை என்று எனக்கு உணவியல் நிபுணர் சொன்னார். அது கறியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர், சோயா எதுவாகவும் இருக்கலாம். கறி சாப்பிடாதவர்கள் டிபியிலிருந்து குணமாகாமல் போவதில்லை. பால் சளியை உண்டாக்காது, தாராளமாகக் கொடுங்கள், காய்ச்சிக் கொடுங்கள். காய்ச்சாத பாலில் மாட்டு டிபி கிருமி வரலாம். சாப்பாட்டின் வழியாக டிபி வருகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். பத்தியம் என்று சொல்லி இதையும் அதையும் நிறுத்தி, ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவரை இன்னும் வாடவிடுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

ஆலமரம்:
சென்னை ஆய்வில் சாதாரணச் சாப்பாட்டிலேயே குணமானார்கள் என்று மேலே வந்திருக்கிறது. பிறகு எதற்குச் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு? மருந்து போதும் என்றுதானே அர்த்தம்?

பூவரசு:
நல்ல கேள்வி ஐயா. கிருமியைக் கொல்வது மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். சாப்பாடு மருந்தின் இடத்தில் வந்து உட்கார முடியாது. ஆனால் மிகவும் மெலிந்த நிலையில் வருபவர் மருந்து வேலை செய்து முடிக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே. ஜார்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிகளுக்கு ஆறு மாதம் மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. அதே திட்டத்தில் சில நோயாளிகளின் குடும்பத்தார் எல்லோருக்கும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் டிபி வருவது கிட்டத்தட்டப் பாதியானது.

இதைப் படித்தபோது எனக்கு மனது கனத்துப்போனது. நோயாளிக்கு மட்டும் முட்டை, மற்றவர்களுக்கு இருப்பதை வைத்து ஓட்டுவது என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. முக்கியமாக வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள். தென்றல், நீங்களும் வயிறாரச் சாப்பிட வேண்டும். நோயைத் தடுக்கும் வேலையில் அதுவும் சேர்த்திதான்.

விலை உயர்ந்த சத்துமாவு, டானிக், விட்டமின் மாத்திரை பற்றி யாராவது சொன்னால் யோசித்து வாங்குங்கள். சாப்பாட்டில் கிடைக்கும் அளவுக்கு மேல் விட்டமின் விழுங்கினால் டிபி சீக்கிரம் குணமாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் பைரிடாக்சின், அதாவது பி6, அது வேறு விஷயம். ஐசோனியாசிட் மாத்திரையால் கை கால் நரம்பு பாதிக்காமல் இருக்க அதைக் கொடுக்கிறார்கள்.

நெய்தல்:
பூவரசு சொன்னதோடு சேர்த்து: சிறுநீர், கண்ணீர், வியர்வை ஆரஞ்சு நிறமாகப் போகும், டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் வருவது அது, பயம் வேண்டாம். மாத்திரையை வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது, குமட்டல் தாங்கவில்லை என்றால் கொஞ்சம் சாப்பிட்டு எடுக்கலாம், நிறுத்துவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மது அறவே கூடாது, கல்லீரல் ஏற்கெனவே இந்த மாத்திரைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், சிறுநீர் கறுத்துப் போனால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் போக வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை, பார்வை மங்குகிறது என்றாலும் அப்படியே, அது எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்து செய்வதாக இருக்கலாம்.

வானவில்:
நான் கேட்பது மருந்தை முடித்தவர்களுக்கான கேள்வி. எனக்கு மருந்து முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று மறுபடி சந்தேகப்படுகிறார்கள். ஒவ்வொரு முறை இருமும்போதும் திரும்ப வந்துவிட்டதோ என்று தூக்கம் போய்விடுகிறது.

பூவரசு:
அந்தப் பயம் எனக்கும் இருந்தது வானவில். குணமான பிறகு எப்படி வாழ்வது என்பதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் எனக்குக் கோபமே உண்டு. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் பெரும்பாலும் தழும்பு. வாழ்நாள் முழுக்க இருக்கும். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். புதியதோடு ஒப்பிட்டு, மாற்றம் இல்லை என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

நெய்தல்:
ஆமாம், அப்புறம் இரண்டு பரிசோதனைகள் குணமானவர்களைத் தேவையில்லாமல் கலங்க வைக்கின்றன. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ ஒன்று. கிருமி ஒரு காலத்தில் உள்ளே வந்ததை மட்டும் அது காட்டும், குணமான பிறகும் வீங்கும். இன்னொன்று ஜீன்எக்ஸ்பெர்ட். அது கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. செத்த கிருமியின் மிச்சம் இருந்தாலும் சிலருக்குப் பாசிட்டிவ் காட்டலாம். குணமானவருக்கு மறுபடி சந்தேகம் என்றால் கல்ச்சர், அதாவது சளியில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உயிருள்ள கிருமி இருந்தால்தான் அதில் வளரும்.

மூச்சு வாங்குவது உங்கள் கற்பனை இல்லை. கிருமி போனாலும் அது தின்ற இடம் தழும்பாகி நுரையீரல் விரிவது குறைந்திருக்கலாம், மூச்சுக்குழாய் அகன்று சளி தேங்கலாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்து பாருங்கள். மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுப் பயிற்சி பலருக்கு நல்ல பலன் தருகிறது. சமதளத்தில் நடந்து ஆரம்பியுங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் கேளுங்கள். இருமும்போது ரத்தம் வந்தால் உடனே போக வேண்டும். அது டிபியாக இல்லாமலும் இருக்கலாம். டிபி நுரையீரலில் விட்டுப்போன பழைய குழியில் பூஞ்சை வளர்ந்து ரத்தம் வருவது உண்டு, அதற்கு வேறு சிகிச்சை.

திரும்ப வருவது பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வரலாம். அடங்கியிருந்த பழைய கிருமி எழுவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால்தான் அதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறோம். ஒரு முறை வந்துவிட்டதால் இனி தொற்றாது என்பதும் இல்லை, வெளியிலிருந்து புதிதாகவும் தொற்றலாம். ஒரு சாதாரணச் சளி இருமல் வந்து சில நாளில் போய்விட்டால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இரண்டு வாரம் தாண்டினால், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது சேர்ந்தால் தாமதிக்காமல் பரிசோதியுங்கள். வேறு நோய்க்கு ஸ்டீராய்டோ மூட்டுவாதத்துக்கான புதிய வகை ஊசியோ ஆரம்பிக்கும்போது, எனக்கு டிபி இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பூவரசு:
புகை பிடிப்பவராக இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும். டிபி வருவதற்கும் திரும்ப வருவதற்கும் புகை வழி செய்கிறது, மிச்சமிருக்கும் நுரையீரலையும் அரிக்கிறது. நான் புகையை விட்டது எனக்கு டிபி வந்தபோதுதான். சாப்பாட்டிலும் நோய் போய்விட்டது என்று பழையபடி வேளை தவறிச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவையுங்கள்.

வானவில்:
இருவருக்கும் நன்றி. ஊதும் பரிசோதனை பற்றி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. அடுத்த முறை போகும்போது கேட்கிறேன், கல்ச்சர் பற்றியும்.

தென்றல்:
குழந்தையைக் காட்டிவிட்டு வந்தோம். நோய் இல்லை, தடுப்பு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கணவருக்குச் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்று முடிவும் வந்துவிட்டது. இப்போது வெளித் திண்ணையில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுகிறார், அவரவர் தட்டு எது என்று யாரும் பார்ப்பதில்லை. மாமியாருக்கும் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. அவருக்கும் தடுப்பு மருந்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா?

நெய்தல்:
நல்ல செய்தி தென்றல். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம், அதனால் அவருக்குத் தடுப்பு மருந்து பற்றி யோசிப்பது சரிதான். ரிஃபாம்பிசின் சேர்ந்த மருந்து என்றால் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். முதல் மாதம் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். தடுப்பு மருந்து முடிந்த பிறகும் ஒரு முறை பார்க்க வேண்டும், இடையில் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தால் அதை மறுபடி குறைக்க வேண்டியிருக்கும்.